வீடு வீடாக வந்த கிணறு

ஆடிக்காற்று தேரியை இடம் மாற்றி வைப்பது காத்தாடிவிளைக்காரர்களுக்குப் புதிதல்ல. நேற்றுத் தென்பக்கம் படுத்திருந்த செம்மணல் மேடு இன்றைக்கு வடக்கே எழுந்து உட்கார்ந்திருக்கும், ஆடு ஓட்டிப் போன தடத்தைக் காணோமே என்று யாரும் புலம்பமாட்டார்கள், வேறு தடம் போட்டு நடப்பார்கள், கழுத்து வரைக்கும் மண்ணேறிய பனையைக் கண்டால் ஏறுகிற வேலை மிச்சம் என்று தரையில் நின்றபடியே ஓலை வெட்டிக்கொள்வார்கள். அப்படிப்பட்ட ஊரில் ஒரு நாள் மதியக் காற்று ஓய்ந்து கதவைத் திறந்தபோது செல்லத்தாய் வீட்டு முற்றத்தில் ஒரு கிணறு இருந்தது.

கைப்பிடிச் சுவர் இல்லை, உறை இல்லை. ஒரு சாண் தோண்டினால் இரண்டு சாண் சரிந்து மூடுகிற தேரி மணலில், வட்டமாக, சரியாமல், ஆழத்தில் கறுப்பாக நீர் மினுங்க அது பாட்டுக்குக் கிடந்தது. செல்லத்தாய் மிளகாய் காயப்போட்டிருந்த பாயை அது ஒதுங்கி வந்திருந்ததைக் கவனித்தாள், நல்ல மரியாதை தெரிந்த கிணறுதான் என்று நினைத்துக்கொண்டாள், குடத்தில் கயிறு கட்டி இறக்கினாள். பல் கூசுகிற குளிர்ச்சியில் தண்ணீர் வந்தது. லாரித் தண்ணீருக்கு வரிசையில் நின்று நின்று கால் வீங்கிப்போன ஊர் அது. சாயங்காலத்துக்குள் எல்லாக் குடமும் நிறைந்துவிட்டது.

மறுநாள் மதியம் அது செல்லத்தாய் வீட்டில் இல்லை. பக்கத்து வீட்டு மாட்டுத் தொழுவத்துக்குப் பின்னால் இருந்தது. அதற்கடுத்த நாள் அதற்கடுத்த வீடு. ஊரார் இதை எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்றால், கோழியும் குழந்தையும் விழுந்துவிடக் கூடாதே என்றுதான் முதலில் கவலைப்பட்டார்கள். வெயில் உச்சிக்கு வந்து மணல் பறக்கத் தொடங்கினால் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருப்பது அங்கே பழைய வழக்கம், அந்த நேரத்தில்தான் கிணறும் நடந்தது, அதனால் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை என்று தாங்களாகவே முடிவு செய்துகொண்டார்கள், குளிக்கிற ஆளைப் பார்க்கலாமா, அது மாதிரிதான் இதுவும் என்று பிள்ளைகளுக்குச் சொன்னார்கள். துணிக்கொடிகளை உயர்த்திக் கட்டினார்கள். முள்வேலியில் வழி வெட்டி வைத்தார்கள். எந்த வீட்டில் கிணறு தங்குகிறதோ அந்த வீட்டுக்காரர்கள் அன்றைக்கு ஊருக்கே கருப்பட்டிக் காப்பி போட்டார்கள். கடைசிக் குடம் எடுப்பவர் ஒரு கை நீரைக் கிணற்றுக்கே திருப்பி ஊற்றிவிட்டுப் போகிற வழக்கம், தேரியில் கிணறே இல்லாததால் மறந்துபோயிருந்தது, சொல்லித்தர ஆளில்லாமலே திரும்ப வந்தது.

இரண்டு மூன்று வீடு தாண்டுவதற்குள் ஒரு குடத்தின் அடியில் ஒட்டிக்கொண்டு பிளந்த பனஞ்சட்டத் துண்டு ஒன்று மேலே வந்தது. மணல் சரியாமல் இருக்கக் கிணற்றுக்குள் அடிக்கிற சட்டம். அதைப் பார்த்ததும் எல்லாருக்கும் விளங்கிவிட்டது, ஆடு மேய்க்கிற பட்டுக்கனியின் காதில் விழாத தூரத்துக்குப் போய்த்தான் பேசினார்கள்.

"லிங்கத்துரை வெட்டுன கெணறுல்லா இது."

"ஆளு உள்ள கெடக்க தண்ணியையா குடிக்கோம்?"

"நமக்குன்னு தோண்டப் போயிதான அவன் உள்ள கெடக்கான். குடிக்காம விட்டா அவனுக்கு எப்பிடி இருக்கும்?"

பட்டுக்கனிக்கு அவர்கள் சொல்லித்தான் தெரிய வேண்டுமா. லிங்கத்துரை அவள் புருஷன். ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால் ஊர் கூடி, வீட்டுக்குப் பிடியரிசி என்று தினமும் எடுத்துக்கொடுத்து, தேரி நடுவே ஒரு கிணறு வெட்ட அவனை அனுப்பியது. கிணறு வெட்டப் போகிறவன் தண்ணீர் காணாமல் வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது, குழிக்குப் பக்கத்திலேயே உண்டு உறங்க வேண்டும் என்பது அந்தப் பக்கத்துக் கட்டு. அவன் இடுப்பில் கயிற்றைக் கட்டி மேலே நின்று பிடிக்க வேண்டியவன் மச்சினன். தங்கச்சி தாலியை நினைத்தாவது கயிற்றை விடமாட்டான் என்று அப்படி வைத்திருந்தார்கள். பட்டுக்கனியின் அண்ணன் தவசிமணிதான் பிடித்தான். கீழே இருப்பவன் இரண்டு தரம் சுண்டினால் மேலே இழுக்க வேண்டும்.

ஈரம் கண்ட அன்று மண் சரிந்தது. கீழேயிருந்து அவன் சுண்டவில்லை. கயிறு மட்டும் வந்தது, அதுவும் அறுந்து வரவில்லை, முனை அவிழ்ந்து வந்தது. குழி தன்னையும் இடுப்பு வரைக்கும் உள்ளே இழுத்தது, அப்புறம்தான் கயிறு சட்டென்று லேசானது என்று தவசிமணி சொல்லிச் சொல்லி அழுதான். ஊர் அதைக் கேட்டுக்கொண்டது, நம்பவில்லை. முடிச்சைச் சரியாகப் போடத் தெரியாதவன் என்று தீர்த்துவிட்டது. தோண்டிப் பார்க்க ஆள் கூட்டிப் போனபோது காற்று மேட்டை நகர்த்தியிருந்தது, இடமே தெரியவில்லை. உடம்பு கிடைக்காததால் பட்டுக்கனி தாலியைக் கழற்றவில்லை, கழற்றச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. அண்ணனோடு அவள் அன்றைக்கு விட்ட பேச்சு விட்டதுதான். ஒரே ஊரில், கூப்பிடு தூரத்தில், முகம் பார்க்காமல் இருவரும் ஆடு மேய்த்தார்கள்.

லிங்கத்துரை இடக்கைக்காரன். அவன் போடும் முடிச்சு தலைகீழாக முறுக்கிக்கொண்டு வால் இடப்பக்கம் போகும், வேறு யாராலும் லேசில் அவிழ்க்க முடியாது. கட்டில் கயிற்றிலும் வேலிப் படலிலும் ஆட்டுத் தறியிலும் அவன் போட்ட முடிச்சுகள் அப்படியே இருந்தன. ஆடு மாறினாலும் அவள் தறிக்கயிற்றை மாற்றவில்லை.

இப்போது அவன் வெட்டிய கிணறு ஊருக்குள் வந்து ஒவ்வொரு வீடாகத் தங்குகிறது, அவள் வீட்டுக்கு மட்டும் வரவில்லை. வாசலைக் கடந்து எதிர்வீட்டுக்குப் போனது, அங்கிருந்து பின்வீட்டுக்குப் போனது, அவள் முற்றத்தில் ஒரு சொட்டு ஈரம் கூட இல்லை. ஊர் முழுக்க அவன் தண்ணீரைக் குடிக்க, அவள் லாரித் தண்ணீரைக் குடித்தாள். கோபம் என்றால் அப்படியொரு கோபம். ஊருக்கெல்லாம் வேண்டியவன் எனக்கு மட்டும் வேண்டாதவனா என்று ஆட்டிடம் கேட்டாள்.

அந்தச் சமயத்தில் ஊரில் தங்கியிருந்தவள் ரெஜினா. மதுரைப் பக்கம் ஏதோ கல்லூரியில் மணல்மேடுகளைப் பற்றிப் படிப்பவள், தேரியைக் குறுக்கும் நெடுக்கும் நடந்து பார்க்க வந்தவள். பள்ளிக்கூடக் கட்டிடத்தில் படுத்துக்கொண்டதால் ஊரார் அவளை டீச்சர் என்றே கூப்பிட்டார்கள், நான் டீச்சர் இல்லை என்று சொல்லிப் பார்த்து அவளும் விட்டுவிட்டாள். தேரியில் வழிகாட்டப் பட்டுக்கனிதான் கூடப் போவாள். கிணற்றைப் பார்த்து ஆச்சரியப்பட்ட ஒரே ஆள் ரெஜினா என்பதால் அவளைப் பார்த்து ஊர் ஆச்சரியப்பட்டது.

"எப்படிக்கா ஒரு கிணறு நடக்கும்?" என்று செல்லத்தாயிடம் கேட்டாள்.

"நல்லாத்தான் நடக்கு. நீங்க தண்ணி குடிச்சியளா?"

"குடிச்சேன்."

"இனிக்குல்லா? பொறவு என்ன?"

கிணறு எங்கிருந்து வந்தது என்று பார்க்கலாம் என ரெஜினா கூப்பிட்டபோது பட்டுக்கனி முதலில் மாட்டேன் என்றாள். அப்புறம் ஆடுகளை அவிழ்த்துக்கொண்டு முன்னால் நடந்தாள். காலையிலேயே மணல் சுட்டது. ஊர் பின்னால் தாழ்ந்து மறைந்ததும் தேரி தன் முழு அகலத்தையும் விரித்துக்கொண்டது. குங்குமத்தைக் கொட்டிக் காற்றால் வாரிவிட்டது போலக் கண்ணெட்டும் வரை செம்மணல், வரிவரியாக, மேட்டுக்கு மேல் மேடாக, கிழக்கே ஒரு நூல் அளவுக்குக் கடல், பேசினால் வார்த்தை வாயை விட்டு விழுந்த இடத்திலேயே அமிழ்ந்துபோகிற அமைதி. அந்த அமைதியில் இரண்டாவது மேட்டின் மேல் ஏறி நின்ற ரெஜினா பட்டுக்கனியின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

கீழே ஒரு பச்சை வட்டம் இருந்தது. குடம் இறக்குகிற அளவுக்கு, கிணற்று வாய் அளவுக்கு, புல் முளைத்த ஒரு வட்டம். அதைத் தாண்டிச் சிறிது தூரத்தில் இன்னொன்று. அதைத் தாண்டி இன்னொன்று. மேடும் பள்ளமுமாகத் தேரியின் வயிற்றுக்குள் வளைந்து வளைந்து அந்தப் பச்சை வட்டங்கள் போய்க்கொண்டே இருந்தன, நகர்ந்த மணல் மேடுகள் எல்லாம் அவற்றை மட்டும் மூடாமல் சுற்றிக்கொண்டு போயிருந்தன. ஊருக்குப் பக்கத்து வட்டங்களில் புல் விரல் உயரம். போகப் போக முழங்கால் உயரம். அப்புறம் செடி, அப்புறம் புதர். ஆடுகள் ஒன்றில்கூட வாய் வைக்கவில்லை. நடந்து நடந்து, தண்ணீர் தீர்ந்து, நாக்கு ஒட்டிக்கொண்ட நேரத்தில் கடைசி வட்டத்துக்கு வந்தார்கள். அங்கே ஆள் உயரத்துக்கு மேலே ஒரு உடைமரம் மஞ்சளாகப் பூத்து நின்றது, அதன் அடியில் பனஞ்சட்டங்களின் தலைகள் வட்டமாக மணலுக்கு வெளியே தெரிந்தன.

பட்டுக்கனி உட்கார்ந்துவிட்டாள். ஊர் தேடித் தேடிக் காணாத இடம். அன்றைக்கே கிளம்பியிருக்கிறான். இத்தனை வருஷமும், காற்றில், வெயிலில், தட்டுத் தடுமாறி வழி தப்பி, கொஞ்சம் கொஞ்சமாக வந்துகொண்டே இருந்திருக்கிறான். அவளுக்கு வாய்விட்டு அழ வேண்டும் போலவும் இருந்தது, எழுந்து நின்று கும்பிட வேண்டும் போலவும் இருந்தது. ரெஜினா படம் எடுக்கவில்லை, மரத்து நிழலில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இம்புட்டு தூரம் வந்தவ்வோ, எங்கூட்டுக்கு மட்டும் ஏன் வரல டீச்சர்?" என்றாள் பட்டுக்கனி.

அதற்குப் பதில் ஊருக்குத் திரும்பியதும் தானாகவே வந்தது. ஊர்த் தலைவர் வைகுண்டம் அண்ணாச்சி போன வருஷம் காங்கிரீட் தார்சு போட்டுக் கட்டிய புது வீட்டைக் கிணறு திரும்பிக்கூடப் பார்க்காமல் தாண்டிப் போயிருந்தது. போய், குடும்பத்தோடு திருப்பூருக்குப் பிழைக்கப் போன ஒருவர் பூட்டிப் போட்ட வீட்டு முற்றத்தில் தங்கியிருந்தது. ஆளில்லாத வீட்டுக்குக் கிணறு எதற்கு என்று எல்லாரும் பேசிக்கொண்டு நின்றார்கள். பட்டுக்கனி பூட்டிய கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த வீடு அன்றைக்குப் பிடியரிசி கொடுத்த வீடு. வைகுண்டத்தின் புது வீடு அன்றைக்கு இல்லவே இல்லை. புதுக்கிணற்றின் முதல் தண்ணீர் அரிசி கொடுத்த ஒவ்வொரு வீட்டுக்கும் போய்ச் சேர வேண்டும், வெட்டியவன் தன் வீட்டுக்குக் கடைசியாகத்தான் கொண்டுபோக வேண்டும். அதுவும் அந்தக் கட்டில் சேர்ந்ததுதான், கோபத்தில் அவளுக்கு நினைப்பு வராமல் போயிருந்தது. அவன் அவளை ஒதுக்கவில்லை, வேலையை முடித்துக்கொண்டிருந்தான்.

மீதி இருந்தது ஒரே ஒரு வீடு, தவசிமணி வீடு. அதற்கப்புறம் அவள் வீடு.

மறுநாள் கிணறு தவசிமணியின் முற்றத்துக்கு வந்தது. அன்றைக்குப் பொழுது சாய்வதற்குள் வைகுண்டம் அண்ணாச்சி டிராக்டரில் சிமெண்ட் உறைகளைக் கொண்டுவந்து இறக்கிவிட்டார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. வீடுகள் தீர்ந்துவிட்டால் கிணறு திரும்பத் தேரிக்குள் போய்விடும் என்று பயந்தார், அந்தப் பயம் ஊரில் எல்லாருக்கும் இருந்தது. காலையில் முதல் வேலையாக உறை இறக்கிவிட்டால் அது நகராது.

விடிந்ததும் பட்டுக்கனி கிளம்பி அண்ணன் வீட்டு வேலிக்கு வெளியே போய் நின்றாள். உறையை உருட்டக் கயிறு போட்டுக்கொண்டிருந்த ஆட்கள் அப்படியே நின்றார்கள். தவசிமணி கையிலிருந்த கடப்பாரையைக் கீழே வைத்தான். அந்த மனுஷனுக்குத் தலை நரைத்திருந்ததை அவள் அப்போதுதான் பார்த்தாள்.

"அண்ணே" என்றாள்.

அவன் வேலி வரைக்கும் வந்தான்.

"உறைய எறக்காதீய. அவ்வோ சோலி இன்னும் முடியல. எங்கூடுதான் பாக்கி."

தவசிமணி கிணற்றைப் பார்த்தான், உறையைப் பார்த்தான். "ஏட்டி, அங்க வந்துட்டுப் போயிட்டுன்னா? ஊரு தண்ணிக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்? ஏற்கெனவே விட்டவன்னு பேரு வாங்கியாச்சு."

"போனா போவட்டும். ஒரு தடவ வாசல மிதிச்சிட்டுப் போவட்டும். இத்தன வருசம் நடந்துருக்காவண்ணே. நான் தேரிக்குள்ள போயி கண்ணால பாத்துட்டு வந்தேன்."

வைகுண்டம் அண்ணாச்சி துண்டை உதறித் தோளில் போட்டார். "பட்டுக்கனி, ஒன் வருத்தம் எனக்குத் தெரியாம இல்ல. ஆனா நாளைக்கு மறுபடி லாரியப் பாத்துக் குடத்தோட நிக்கப் போறது நம்ம பிள்ளையதான."

அவர் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை, ஆட்கள் மறுபடி கயிற்றை எடுத்தார்கள். பிறகு செல்லத்தாய் இடுப்பிலிருந்த குடத்தை இறக்கி வைத்தாள். "அண்ணாச்சி, நான் குடிச்சிட்டேன். நீங்களும் குடிச்சிட்டிய. எல்லாக் கூட்டுக்கும் கொண்டாந்து குடுத்த ஆள அவன் கூட்டு வாசல்ல போயி மறிக்கதுக்கு எனக்கு மனசு வரல." சொல்லிவிட்டு அவள் போகவில்லை, உறையின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள். அவளுக்குப் பக்கத்தில் இன்னொருத்தி உட்கார்ந்தாள். கனமான பெண்கள். ஆட்கள் கயிற்றைச் சுருட்டினார்கள். தவசிமணி போய்த் தன் வேலியில் பட்டுக்கனி வீட்டுப் பக்கமாக வழி வெட்டத் தொடங்கினான். வைகுண்டம் கொஞ்ச நேரம் முறைத்துவிட்டு, "அகலமா வெட்டும்வே, முள்ளு குத்தீரப் போவுது" என்றார்.

வெயில் உச்சிக்கு வந்தது. பட்டுக்கனி முற்றத்தைக் கூட்டி, ஆட்டை உள்ளே கட்டி, கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தாள். காற்று எழுந்தது. மணல் கதவில் பொரிந்தது. அதற்குள்ளிருந்து வேறொரு சத்தம் வந்தது, ஈரமண் நிறைந்த கூடையை யாரோ மெதுவாக, களைத்துப்போய், நிறுத்தி நிறுத்தி இழுத்து வருவது போல. கதவிடுக்கு விரலகலம் இருந்தது. கண்ணை வைத்தால் போதும். அவள் வைக்கவில்லை. இரண்டு கையாலும் தாலியைப் பிடித்துக்கொண்டு, வாரும், வந்து உக்காரும் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே இருந்தாள். கதவடி வழியாக ஈரமண் வாசனை உள்ளே வந்தது. ஆடு கத்துவதை நிறுத்தியது.

காற்று ஓய்ந்து அவள் கதவைத் திறந்தபோது கிணறு அவள் முற்றத்தில் இருந்தது. ஊர் முழுக்கப் படலுக்கு வெளியே நின்றது, யாரும் உள்ளே கால் வைக்கவில்லை. அவள் குடத்தையும் கயிற்றையும் எடுத்துக்கொண்டு வந்து, கூட்டத்தின் கடைசியில் நின்றவனைப் பார்த்துச் சொன்னாள்.

"அண்ணே, நீயே முடிச்சப் போடு. நீயே பிடி."

ஊரே கேட்கும்படி சொன்னாள். தவசிமணி வந்தான். குடத்தின் கழுத்தில் கயிற்றைச் சுற்றி முடிச்சுப் போட்டு, ஒரு தரத்துக்கு மூன்று தரம் இழுத்துப் பார்த்துவிட்டு இறக்கினான். குடம் நீரைத் தொட்ட சத்தம் கேட்டது. கயிறு விறைத்தது. அவன் குதிகால்கள் மணலில் புதைந்தன. பிறகு கயிறு சட்டென்று லேசானது. அன்றைக்குப் போலவே, கையில் ஒன்றும் இல்லாதது போல லேசானது. தவசிமணி இழுக்கவும் இல்லை, விடவும் இல்லை, அப்படியே நின்றான். 

கயிறு சுண்டியது. இன்னொரு தரம் சுண்டியது.

"இழுண்ணே" என்றாள் பட்டுக்கனி. அவளும் கயிற்றில் கை வைத்தாள்.

குடம் நிறைந்து, ததும்பாமல் மேலே வந்தது. அதன் கழுத்தில் இருந்தது தவசிமணி போட்ட முடிச்சு இல்லை. தலைகீழாக முறுக்கிக்கொண்டு, வால் இடப்பக்கம் போயிருந்தது.

தவசிமணி அதைத் தொட்டுப் பார்த்தான். "நான் போட்டது இல்லட்டி இது. நான் போட்டத அவுத்துட்டுப் போட்டுருக்காவ."

"அன்னைக்கும் அவ்வோதான் அவுத்துருக்காவ" என்றாள். "உன்னையும் சேத்து இழுத்துறக் கூடாதுன்னு அவுத்துருக்காவ. எனக்குத்தான் தெரியாமப் போச்சு."

அவன் தரையில் உட்கார்ந்து, ஊர் பார்க்கிறதே என்ற நினைப்பே இல்லாமல், வாய்விட்டு அழுதான். வெளியே நின்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள், குனிய வேண்டிய தலைகள்தான்.

அந்தக் கிணறு அப்புறம் தேரிக்குள் போய்விட்டதா என்று கேட்பவர்கள் உண்டு. போகவில்லை. வீட்டுக்கு வந்தவன் ஏன் போகப் போகிறான். அவள் படலை மூடுவதே இல்லை, ஊர் அங்கேதான் நீர் எடுக்கிறது, வைகுண்டம் அண்ணாச்சியின் உறைகளில் செல்லத்தாய் கோழி அடைக்கிறாள். ரெஜினா கிளம்பும்போது ஒரு செம்பு நீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனாள், எப்படி நடக்கும் என்று இனிக் கேட்கமாட்டேன் என்று செல்லத்தாயிடம் சொன்னாளாம்.

ஆனால் அதெல்லாம் பிறகு. அன்றைக்குப் பட்டுக்கனி குடத்திலிருந்து ஒரு கை நீரை அள்ளிக் கிணற்றுக்குத் திருப்பி ஊற்றினாள். குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். அந்த முடிச்சை அவிழ்க்க அவளுக்கு மனமில்லை, அப்படியே கயிறு பின்னால் இழுபட வாசற்படி ஏறி உள்ளே நடந்தாள். கயிற்றின் மறுமுனையைத் தவசிமணி இன்னும் விடாமல் பிடித்திருந்தான். கயிறு நீண்டு விறைத்ததும் எழுந்து, அதன் பின்னாலேயே தங்கச்சி வீட்டுக்குள் போனான்.